அறுபத்தொன்று மார்க் அல்ல

மெயின் மாநிலம்,
ஜனவரி 19

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

அக்கா செலஸ்ட் எழுதுவது. நீ மீன்பிடிக் கப்பலிலிருந்து அனுப்பிய சால்மன் மீன் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. மிகவும் நன்றி. “அப்பா பாதி அலாஸ்காவையே கட்டி அனுப்பிட்டாரு அத்தை” என்கிறாள் உன் மகள் ஜோயல்.

போன வாரம் போனில் நீ கத்தினாயே, அதற்கு வருகிறேன். “ஸ்கூல்ல எல்லாம் தொண்ணூறு, விடுதிப் பள்ளி நுழைவுத் தேர்வுல மட்டும் அறுபத்தொண்ணா? மானம் போகுதுக்கா, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிடு” என்றாய். நான் வாங்கவில்லை.

அது நூற்றுக்கு எடுத்த மார்க் இல்லை, தம்பி. நாடு முழுக்க இந்தத் தேர்வெழுதிய அவள் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு அறுபத்தொரு பேரை அவள் முந்தியிருக்கிறாள் என்று அர்த்தம். கோடையில் நம் துறையில் நடக்கும் படகுப் பந்தயத்தை நினைத்துப் பார். ஊரிலுள்ள எல்லாப் படகுமா வருகிறது? எஞ்சினை நம்புகிறவன்தானே வருகிறான்? அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் முந்தியவனைத் தோற்றவன் என்பாயா?

சில கேள்விகளை எழுதாமல் விட்டாளே என்றும் திட்டினாய். தப்பாக எழுதினால் கால் மார்க் போகும். விட்டால் எதுவும் போகாது. பனிமூட்டத்தில் நீ படகை எடுக்காத நாளில் உன்னை யாரும் சோம்பேறி என்றதில்லை.

அந்த விடுதிப் பள்ளியில் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பதும் இல்லை. அவள் கட்டுரை பிடித்துப்போய், பிப்ரவரியில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் சம்மதம்தான் பாக்கி.

நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அத்தை, அப்பாவுக்கு மார்க் மேல கோபமா, இல்ல அம்மா மாதிரி நானும் அவரை விட்டுட்டுப் போயிடுவேன்னு பயமா?” அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

நம் அப்பா இறந்த வருஷம் நான் கல்லூரியில் இருந்தேன். உனக்குப் பதினாறு. “நீ படிச்சு முடி அக்கா, சிங்கி இறால் கூண்டெல்லாம் நான் இழுத்துக்கறேன்” என்று படகேறினாய். நான் ஆசிரியையாக நின்ற வருஷமெல்லாம் உன் தோள்மேல் நின்றதுதான். இதை ஒருநாளும் உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

கரைக்கு வந்ததும் அவளைக் கூப்பிடு. வேண்டாம் என்றால் அதை என்னிடம் சொல்லாதே, அவளிடமே சொல். இந்த வீடு அவள் இல்லாமல் எப்படியிருக்கும் என்ற பயம் எனக்கும் உண்டு. அதை நாம் இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். அவள் போகட்டும், தம்பி.

மாதா உன்னையும் உன் கப்பலையும் காக்கட்டும்.

என்றும் உன் நன்றியுள்ள அக்கா,
செலஸ்ட்