உனக்கு வந்த பாசிட்டிவ்

மார்ச் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

களைப்பென்று டாக்டரிடம் போன உனக்கு ரத்தப் பரிசோதனையில் 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ்' என்று வந்ததாம். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் வியாதியாக இருக்கலாமாம். கேட்டதுமே அம்மா பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

எட்டு மாதமாக என் விரல்கள் வீங்கிக் கிடக்கின்றன. காலையில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல், முதல் பீரியடில் வாயாலேயே கணக்குப் போடுகிறேன். ஜடை பின்ன முடியாமல் முடியை அள்ளி கிளிப் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறேன். ஆனால் எனக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். "அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே, அப்புறம் என்னடி முனகல்?" என்றாள் அம்மா.

நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ அவள் பக்கத்தில்தான் அம்மா படுப்பாள். அதற்காகவே தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கியவள் நீ. உன் பாசிட்டிவ் மேல் எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், கிழிக்கப் போவதில்லை.

வெயிலில் அலையாதே.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

நன்றாகத் திட்டியிருக்கிறாய். பாதி உண்மை என்பதால் கோபம் வரவில்லை.

பெரிய டாக்டரைப் பார்த்தேன். "மூட்டு வலி? தடிப்பு? வாய்ப்புண்?" என்று கேட்டார். எதுவுமில்லை. "இந்த அளவு பாசிட்டிவ் நல்லா இருக்கிறவங்களுக்கும் வரும்மா. போய் வேலையைப் பாருங்க" என்றார்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் தன் மரச்சீப்பால் எனக்குத் தலை வாரிவிடுகிறாள். உனக்கு டைபாய்டு வந்த மாதம் முழுக்க நான் தனியாகப் படுத்தது உனக்குத் தெரியுமா? பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை.

உன்னைப் பற்றியும் கேட்டேன். "நெகட்டிவ்னா வியாதி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. உடனே வரச் சொல்லுங்க" என்றார். போ. என் மேல் உள்ள கோபத்தில் போகாமல் இருந்துவிடாதே.

சிட்டு

மார்ச் 23

சிட்டு,

போனேன். டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். அலறிவிட்டேன். ஸ்கேனிலும் வீக்கம் தெரிந்தது. ரத்தத்தில் காட்டிக்கொடுக்காத முடக்குவாதமாம். மருந்து ஆரம்பித்தாயிற்று.

வெளியே வந்து அழுதேன். பயத்தில் இல்லை, ஒருவர் நம்பிவிட்டாரே என்று.

உன் விஷயத்தை அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். என் விஷயத்தைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். எனக்காக வரச் சொல்லி அம்மாவை நான் கூப்பிடமாட்டேன்.

அக்கா

மார்ச் 28

அக்கா,

இரண்டையும் சொல்லிவிட்டேன்.

என் பொய்க்கு அடி விழும் என்று பார்த்தேன். "வாம்மான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வரமாட்டேனாடி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உன் விரல்களைப் பற்றிச் சொன்னேன். "அவளைப் போய்த் திட்டித் தீர்த்துட்டேனே" என்று சமையலறையில் நின்று தனியாகப் புலம்பினாள்.

சனிக்கிழமை காலை உன் வீட்டில் இருப்பாள். அவள் பையை நான்தான் கட்டினேன். மரச்சீப்பை மட்டும் என் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அம்மா வீடு முழுக்கத் தேடினாள்.

விளக்கணைத்துப் படுத்ததும் உன் கிளிப் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் நானே சீப்பைப் பையில், மேலாக, வைத்துவிட்டேன்.

சிட்டு