இடது கை அவருடையது

4 மார்ச் 1984, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. பூசைக்குப் போகவில்லை. வீட்டுக்காரரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் கழித்துப் பக்கவாதம் வந்ததில் வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. "சரி" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். பசிக்கிறதா என்றாலும் அதுதான், கோபத்துக்கும் அதுதான்.

டாக்டர்: "உடம்பு மெல்ல தேறும்மா. மனசு வரணும். எதுலயும் ஆசை இல்லாம படுத்திருக்காரு." ஆசையை எந்தக் கடையில் வாங்குவது என்று சொல்லவில்லை.

இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டார் வாசிக்கும்போது கழுத்தைப் பிடிக்கிற கை அது. கம்பியை நான் சுண்டினால்?

5, திங்கள்

கேன்டீன் கடையை மூடிவிட்டு நேரே வீடு. கிட்டார் பெட்டிக்குள் அவர் கோயில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பாட்டு நகல் தாள்கள். ஆறு கோடு, கோட்டின் மேல் எண்கள். கோடு என்றால் கம்பி. எண், விரலை எந்தக் கட்டத்தில் அழுத்துவது என்பதற்கு. எண் அவர் பாடு. எண் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அந்தக் கம்பியைச் சுண்டுவது என் வேலை. மேல் கோடு, மேல் கம்பி. இதில் என்ன கஷ்டம்.

நாற்காலியில் உட்கார வைத்து, கிட்டாரை மடியில் சாய்த்து, வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். அவர் விரல்கள் தாமாகவே இடம் பிடித்தன. அழுகை வந்துவிட்டது எனக்கு. சுண்டினேன். தகரத்தில் ஆணி கீறிய சத்தம். "சரி சரி சரி" என்று கத்தினார்.

வாங்க: முட்டை, பவுடர், இருமல் மருந்து.

7, விபூதிப் புதன்

கவுச்சி இல்லை. சாம்பாரும் கத்தரிக்காயும்.

இன்றும் அதே கூத்து. தாளைப் பிடுங்கித் தலைகீழாக வைத்தார். நேராக்கினேன். மறுபடி தலைகீழ். மறுபடி நேர். தெம்பனிஸிலிருந்து வந்திருந்த அவர் தங்கை கிளாரா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு மூளையும் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். போட்டு டார்ச்சர் பண்ணாதீங்க லா."

எனக்கும் அதே பயம். அவள் போனபிறகு நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து அழுதேன்.

8, வியாழன்

இடி. காயப்போட்ட துணி அத்தனையும் நனைந்தது.

விட்டுத் தொலைப்போம் என்று தாள்களை எடுத்துவைக்கப் போனேன். அவர் வைத்தபடியே ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதைப் பார்த்தேன். கிட்டாரைப் பார்த்தேன்.

"என்னங்க, தாள்ல மேல இருக்கற கோடு, கிட்டார்ல கீழ இருக்கற கம்பியா?"

நாற்காலிக் கையை ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். சிரித்தாரா அழுதாரா, வாய் கோணியிருப்பதால் தெரியவில்லை.

மூளை போனது எனக்குத்தான்.

10, சனி

மெல்லிய கம்பி மேல் கோடு, தடித்தது கீழ்க் கோடு. மண்டையில் ஏறுவேனா என்கிறது. நேற்று கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டும்போதும் இதே நினைப்பு, உப்பு இரண்டு தடவை.

ஒரு சத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்று தாளில் இல்லை. அவர் விரல் நகரும்போது நானும் நகர்கிறேன். முதல் வரி மட்டும். கட்டை விரலில் கொப்புளம்.

11, ஞாயிறு

சாயங்காலம் முதல் வரி முழுசாக வந்தது. பாட்டு மாதிரியே இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வாசலில் நின்று கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

போதும் என்று காப்பி போட எழுந்தேன். சேலையைப் பிடித்து இழுத்தார். தாளில் இரண்டாம் வரியில் விரலை வைத்தார். படுத்ததிலிருந்து தண்ணீர்கூட அவராகக் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

அந்த வரியில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று கோடுகளில் ஒரே நேரத்தில். எதை முதலில் சுண்டுவது, எல்லாவற்றையும் சேர்த்தா, எந்த விரலால், ஒன்றும் புரியவில்லை.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

அவர் விரலை எடுக்கவில்லை.