சிங்கவரம் சாலையில் ஒரு புள்ளி

3 மார்ச் 2025, திங்கள்

ஆய்வக நோட்டில் எழுதுவது போல முதலில் வரிசைப்படுத்திக் கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் தைரியம் போய்விடும்.

1. என் போனில் இருக்கும் கம்பெனி வரைபடம், நான் போகாத இடத்துக்குப் போனதாகக் காட்டுகிறது. வரைபடம் தவறு.
2. ஆகவே அந்தக் கம்பெனியிடம் இருக்கும் என் கடிதங்கள், படங்கள், நாட்காட்டி, நடமாட்டம் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சொந்தப் பெட்டியில் வைப்பது.
3. ஏப்ரல் 6 ஞாயிறு அன்புக்கரசி வரும்போது சரியான பதிவை அவளிடம் காட்டுவது.
4. இந்த வீட்டிலேயே இருப்பது.

நான்காவதை எழுதிவிட்டு அடிக்கோடிட்டேன். முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதானோ?

நேற்று மகள் அன்புக்கரசி ஓசூரிலிருந்து பேசினாள். அவள் அம்மா கமலாம்பாள் இறந்த பிறகு, என் போன் எங்கே இருக்கிறது என்பது அவள் போனில் தெரியும்படி செய்து வைத்திருக்கிறாள். நான் மறுக்கவில்லை. "நைனா, வியாழக்கிழமை மத்தியானம் சிங்கவரம் ரோட்டுல இன்னா வேலை உங்களுக்கு? ஒரு மணி நேரம் அங்கியே நிக்குது புள்ளி. அந்த வெயில்ல" என்றாள். நான் படுத்திருந்தேன் என்றேன். ஏப்ரலில் வருகிறேன், தனியாக இருந்தது போதும், கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். கருவிக்குப் பிழை உண்டு என்று எனக்குத் தெரியாதா?

7 மார்ச்

பெட்டி வந்தது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குட்டிக் கணினி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது. இதற்குள் என் ஆயுள் முழுவதும் அடங்கும் என்கிறார்கள். கையேட்டை இரண்டு முறை படித்தேன். இன்று தொடவில்லை.

11 மார்ச்

கம்பெனியிடமிருந்து என் பொருட்களைக் கேட்டு வாங்கினேன். நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று மூன்று முறை கேட்டது. கடையை விட்டு இறங்குகிறவனின் கையைப் பிடித்து இழுப்பது போல. பதினான்கு பொட்டலமாக எல்லாம் வந்து சேர்ந்தன. கமலாம்பாளின் படங்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் இருக்கின்றன. சரிபார்த்துவிட்டேன்.

நடமாட்டப் பதிவையும் திறந்தேன். பிப்ரவரியில் மட்டும் ஒன்பது மதியங்கள். ஒன்பதிலும் அதே புள்ளி.

பிழை என்றால் அங்கும் இங்கும் சிதறியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் விழுகிறது என்றால் கருவியிலேயே நிலையான கோளாறு. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானே எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

14 மார்ச்

பக்கத்து வீட்டு வசந்தா மாவு கொடுக்க வந்தவள் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்து, "இன்னா சார் அது, கொசு மிஷினா?" என்று கேட்டாள். விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஊட்டுக்குள்ளயே வச்சிக்கினா, ஊட்டுக்கு ஒண்ணு ஆச்சின்னா?" என்றாள். நல்ல கேள்வி. கம்பெனி ஆட்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. உடனே ஒரு நகல் எடுத்துப் பீரோவில் வைத்தேன். பீரோவும் இதே வீட்டில்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

17 மார்ச்

கம்பெனிக்கு என் இருப்பிடம் போவதை நிறுத்தினேன். இனி நான் வெளியே இருக்கும்போது போன் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் வந்ததும் பெட்டியிடம் ஒப்படைத்துவிடும். நடுவில் யாரும் இல்லை.

அரை மணி நேரத்தில் அன்புக்கரசியின் போன். "புள்ளி காணோமே, நைனா." போனில் ஏதோ கோளாறு என்றேன். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது சுட்டது.

18 மார்ச்

வீடு, பால் பூத்து, வீடு. பெட்டி சரியாகக் காட்டுகிறது. நிம்மதி.

20 மார்ச்

காலை எட்டு மணிக்கு நேற்றைய பதிவைத் திறந்தேன்.

வீட்டிலிருந்து ஒரு கோடு. 2.20க்குக் கிளம்புகிறது. கடைத்தெருவைத் தாண்டி, கோட்டை மலைகளை இடப்பக்கம் விட்டு, சிங்கவரம் சாலையில் போகிறது. 2.45க்கு நிற்கிறது. அதே இடம். 3.50 வரை அசையவில்லை. பிறகு திரும்பி வீட்டுக்கு வருகிறது.

நேற்று இந்த நோட்டில் எதுவும் எழுதவில்லை. ஏனென்றால் எழுத எதுவும் இல்லை. சாப்பிட்டேன், படுத்தேன், நாலேகாலுக்கு எழுந்தேன்.

இது கம்பெனி இல்லையே. என் பெட்டி. நானே திருகாணி முடுக்கினது. இதுக்குள்ள யார் வந்து பொய் எழுதுவான்? யார்ரா நீ?

22 மார்ச்

பதறக்கூடாது. முறையாகச் செய்ய வேண்டும். நாளை மதியம் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு படுப்பேன். பூட்டிய பீரோவிலிருந்து போன் நடந்து போகிறதா பார்ப்போம்.

23 மார்ச்

சோதனை முடிந்தது. சாவி இடுப்பிலேயே இருந்தது. போன் பீரோவுக்குள்ளேயே இருந்தது. பெட்டியில் மதியம் முழுவதும் வீட்டின் மேல் ஒற்றைப் புள்ளி.

ஆக, போன் என் சட்டைப் பையில் இருக்கும்போது பிழை வருகிறது. பூட்டி வைத்தால் வருவதில்லை. இதிலிருந்து பெறப்படும் முடிவு —

முகம் கழுவப் போனேன். காலில் ஊற்றிய தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. விரல் இடுக்கிலெல்லாம் மண். நகக்கண்ணிலும்.

வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் படுத்தேன். கதவு பூட்டியேதான் இருந்தது. கதவுச் சாவிகள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. என்னிடம் மட்டும்தான்.

28 மார்ச், வெள்ளி

ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். இன்று காலை ஒன்பது மணிக்கு, முழு விழிப்போடு, வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தெரியாத ஊரில் விலாசம் தேடுகிறவன் மாதிரி.

சாலையை ஒட்டிக் கடலைக் கொல்லை. பம்பு செட்டு நிழலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பிடுங்கிய செடிகளைக் குவித்து வைத்துக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு நாய். நாய் என்றாலே நான் தெருவின் மறுபக்கம் போகிறவன். இது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து என் காலை நக்கியது.

"இன்னா அய்யா, இன்னிக்கி காலையிலயே?" என்றாள் அந்தப் பெண். "மத்தியானம் தானே டாண்ணு வருவீங்க. ஒக்காருங்க."

ஒரு கோணியை விரித்துப் போட்டாள். உட்கார்ந்தேன். முன்னே ஒரு குத்துச் செடியை நகர்த்தி வைத்தாள். என் கைகள் தாமாகக் கடலையைக் கிள்ளிப் போட ஆரம்பித்தன. அந்த வேலையை நான் யாரிடமும் கற்றதில்லை.

உன் பெயர் என்னம்மா என்று கேட்டதற்குச் சிரித்தாள். "எத்தினி வாட்டி சொல்றது? தனகோட்டி." பிறகு பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தாள். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது: கமலாம்பாள். எங்கள் வீட்டு டம்ளர். இது எப்படி இங்கே என்றேன். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேனாம், இதில்தான் குடிப்பேன் என்றேனாம்.

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"தெனம் சிரிக்க சிரிக்கப் பேசுவீங்க. பாட்டெல்லாம் பாடுவீங்க. இன்னிக்கி இன்னா ஊமையா இருக்கீங்க?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஊட்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கான், நான் இங்க வர்றது அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்வீங்களே. யாரு அய்யா அது? தம்பியா?"

ஆமாம், தம்பி என்றேன்.

29 மார்ச்

அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்து ஒலியெழுப்பிக்கொண்டு போகின்றன. வெளியே போகவில்லை. போகவில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டியைத் திறந்து, அந்தக் கோடுகள் விழுந்த நாட்களையெல்லாம் தேர்ந்தெடுத்து, 'நீக்கு' என்ற பொத்தானில் விரலை வைத்திருந்தேன். அழுத்தினால் போதும். அன்புக்கரசிக்குக் காட்டச் சுத்தமான பதிவு இருக்கும். பீரோவில் உள்ள நகலையும் அழித்துவிடலாம். கம்பெனி மூன்று முறை கேட்டது. இது ஒரு முறைகூடக் கேட்காது. நான் சொன்னால் கேட்கும்படிதானே கட்டினேன்.

ஆனால் அழித்துவிட்டால் அவன் எங்கே போய்வருகிறான் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும். அவனைப் பற்றி எனக்கு உண்மை சொல்கிற ஒரே ஆள் இந்தப் பெட்டிதான்.

அதோடு, இப்போது விரலை வைத்திருப்பது நானா? எப்படித் தெரிந்துகொள்வது?

விரலை எடுத்துவிட்டேன்.

2 ஏப்ரல்

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கூடத்து நாற்காலியில் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டியோ அதே கோட்டைக் காட்டுகிறது.

6 ஏப்ரல், ஞாயிறு

அன்புக்கரசி காலை பஸ்ஸில் வந்தாள். அவள் டீ குடித்து முடிக்கும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. பயம் திரும்பி வருவதற்குள் பெட்டியைத் திறந்து எல்லாக் கோடுகளையும் காட்டினேன். தனகோட்டி சொன்னதைச் சொன்னேன். அந்தத் தம்பி விஷயத்தையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தாள். "எனக்கு ஜனவரியிலயே தெரியும் நைனா. ஒரு நாள் காலையில பேசினத சாயங்காலம் பேசவே இல்லன்னீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். திடீர்னு புள்ளிய நிறுத்திட்டீங்களா, பயந்துட்டேன்" என்றாள்.

பாண்டிச்சேரியில் செவ்வாய்க்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். அப்படியே ஓசூருக்குப் போய்விடலாம், துணிகளை எடுத்து வைக்கிறேன் என்று எழுந்தாள்.

"துணி இருக்கட்டும். டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லாத" என்று ஒரு குரல் கேட்டது. கணீரென்று இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் யார் பேசியது என்றுதான் பார்த்தேன். பிறகு அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி.

மாலையில் பெட்டியில் அவளுக்கும் ஒரு கணக்குத் திறந்தேன். கடவுச்சொல்லை அவளே வைத்துக்கொண்டாள். இனி ஓசூரிலிருந்தும் பார்க்க முடியும். அழிக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். பீரோவில் இருந்த நகலை அவள் பையில் வைத்துவிட்டேன். வீட்டின் இன்னொரு சாவி வசந்தாவிடம் போய்விட்டது.

முதல் நாள் வரிசையைப் புரட்டிப் பார்த்தேன். 2 முடிந்தது. 3 முடிந்தது. 4 பற்றி செவ்வாய்க்குப் பிறகு எழுதுகிறேன்.

1 தவறு. வரைபடம் சரி. நான் போயிருந்தேன்.