நீலத்தில் நின்ற புள்ளி

பாபநாசம்
வைகாசி 4

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் உன்னோடு பயணம் வந்த ரோஹிணியும் குளிர் விட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பு தேறியிருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வாய்விட்டே சொல்கிறாள். போனில் பேசினால் "பரவாயில்லப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், எனக்கும் வார்த்தை வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் கடிதம். உளுந்து பிடுங்கியாயிற்று, விளைச்சல் சுமார்தான். போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசனை. இதையெல்லாம் எழுதுவது எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான், உனக்கே தெரிந்திருக்கும்.

மாசியில் நீ இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கனடாவில் உன் வீட்டு வாசலில் சைக்கிள் ஏறி மலை மலையாகத் தாண்டிக் கடல் வரைக்கும் போகப்போகிறோம், பனி வந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவோம், பலகையில் நின்று சறுக்கி இறங்குவோம், வழியில் எந்த மோட்டார் வண்டியிலும் கால் வைக்கமாட்டோம் என்றாய். நான் சரிம்மா, சரிம்மா என்றேன். காதில் விழுந்தது சைக்கிள் என்பது மட்டும்தான். இவ்வளவு படித்த பெண் சைக்கிளில் போகிறாள் என்று ஊரில் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

நீ அனுப்பிய லிங்க்கைத் தொட்டால் மேப்பில் நீ இருக்கும் இடம் புள்ளியாகத் தெரியுமல்லவா, காலையில் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ. அது ஒரு நாள் ஏரிக்கு நடுவில் போய் நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது. பக்கத்து வயல் வீரையனிடம் காட்டினேன். "நீலமா இருக்கறது தண்ணிதானண்ணே" என்றான். கொள்ளிடத்து வெள்ளம் கொண்டுபோனவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர் என்றால் நமக்கு இறங்கலாம், நீந்தலாம், முழுகலாம். ஏரி கல்லாக உறைந்து கிடக்கும், பனிச்சரிவு எட்டாத இடம் என்று அதன் மேலேயே கூடாரம் போட்டுப் புயல் ஓயக் காத்திருப்பார்கள் என்று நான் எங்கே கண்டேன்?

உன் ரூம்மேட் அனுராதாவுக்குப் போன் போட்டேன். அவள் எவ்வளவோ சொன்னாள். "புயல் அடிக்குது அங்கிள், டென்ட்டுக்குள்ள இருப்பாங்க, கொஞ்சம் பொறுங்க" என்று. உன் கூடப்பிறந்தவளா இருந்தா பொறுப்பியா என்று கத்தினேன். அந்தப் பெண் அழுதுகொண்டே மீட்புக்காரர்களைக் கூப்பிட்டாள். ஹெலிகாப்டர் போய் உங்களைக் கீழே இறக்கிவிட்டது என்றதும் எனக்கு உயிர் வந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து, பாபநாசத்திலிருந்து ஒரு போன் போட்டுக் கனடாவில் ஹெலிகாப்டரைக் கிளப்பினேன் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன். வைத்தியலிங்கம்னா சும்மாவா என்று அவர்களும் ஏற்றிவிட்டார்கள். அந்த மிதப்பில் இருக்கும்போதுதான் அனுராதா விவரம் சொன்னாள். எங்களுக்கு ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள் என்று நீங்கள் கெஞ்சினீர்களாம். புகார் வந்தபிறகு விட்டுவிட்டுப் போகமுடியாது என்று அவர்கள் கேட்கவில்லையாம். கடலுக்கு இன்னும் ஒரே மலைதான் பாக்கியாம். உங்கள் காலால் வந்த அத்தனை தூரத்தையும் நான் மோட்டாரில் ஏற்றிக் கெடுத்துவிட்டேன். ஹெலிகாப்டரில் ஏறும்போது நீ அழுதாய் என்றும் சொன்னாள்.

வெட்கமாக இருக்கிறது, கவி. டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அனுராதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பெரிய மனசு அந்தப் பெண்ணுக்கு. நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வருஷம் வாசலிலிருந்தே மறுபடி கிளம்பப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போய் வா. இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணத்தான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. நீ மறுபடி ஒரு ஏரிக்கு நடுவில் நின்றால் நான் மறுபடியும் யாரையாவது கத்திக் கூப்பிடத்தான் செய்வேன். மன்னிப்புக் கேட்கிறவன் எழுதுகிற வரியா இது? ஆனால் என்னை எனக்குத் தெரியும். அதனால் அந்த லிங்க்கை எனக்கு அனுப்பாதே. அம்மாவுக்கு மட்டும் அனுப்பு. நான் கேட்டாலும் காட்டக்கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, முட்டிக்கு எண்ணெய் தேய். நோய்நொடி அண்டாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கடலில் கால் நனைத்த பிறகு எனக்கு ஒரு போன் போடு. அதுவரை நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன்.

உன் அப்பா,
தி. வைத்தியலிங்கம்