இருபத்து நாலு இல்லை, இருபத்தாறு

இன்று வெள்ளிக்கிழமை காலை உன் சம்சாரம் மோட்டார் ரூமுக்கே வந்து உன் கணக்கு நோட்டைக் கொடுத்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, உள்ளே வத்தல் நெடி. பிரித்ததும் உன் கையெழுத்து: 30, 28, 24. மூன்றாவது எண்ணை உனக்குச் சொன்னவன் நான்தான்.

"அஞ்சாவது வாரம் கெணறு வத்திரும்னு எழுதியிருக்காக. வத்தவே இல்லையே. அவுக கணக்குத் தப்பாண்ணே?" என்று தங்கச்சி கேட்டது. நான் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன். தப்புதான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டது.

நம்முடையது பங்குக் கிணறு. ஒருநாள் உன் முறை, ஒருநாள் என் முறை. திருச்சுழிப் பக்கம் முறைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பியே பேச்சை முறித்துக்கொள்கிறார்கள். நமக்குள் ஒரு சொல் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும், மோட்டார் போடுமுன், கல் கட்டிய கயிற்றை இறக்கி நனைந்த நீளத்தை அளப்போம். இறைத்த கிணற்றை அளக்கக் கூடாது, ஊறி நிற்கிற தண்ணீர்தான் கணக்கு என்பாய். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு மிளகாய் போட்டவன் நீ. ஊரே கேலி பேசியது, நானும்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நீ பாலவனத்தத்துக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தாய். அன்று உன் முறை. என் செடி தலை தொங்கிக் கிடந்தது. நீதான் ஊரில் இல்லையே என்று காலையிலிருந்து மோட்டாரை ஓட்டினேன். அளக்கும் ஞாபகம் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கயிறு இருபத்து நாலு அடி நனைந்தது. நீ வந்து கேட்டதும் அதையே சொன்னேன்.

மோட்டார் ரூமில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். முதல் வாரம் ரெண்டு அடி இறக்கம், அடுத்த வாரம் நாலு. இறக்கம் கூடிக்கொண்டே போகிறது, இது நேர்கோடு இல்லை என்றாய். முதல் வெள்ளியைச் சைபர் என்று வைத்து, மூன்று புள்ளியிலிருந்து சமன்பாட்டைப் பிடித்தாய். முப்பதிலிருந்து வாரத்தையும் கழி, வாரத்தின் வர்க்கத்தையும் கழி. ஐந்தாவது வாரத்துக்கு ஐந்தும் இருபத்தைந்தும் முப்பது. தண்ணீர் சைபர். உன் முகம் செத்துப்போனது. பிறகு பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தாய்.

"மூணு புள்ளி கொடுத்தா எப்படியும் ஒரு சமன்பாடு வந்துரும்லே. புள்ளி பொய்யின்னா அதுக்குத் தெரியாது. நீ காலையிலதான அளந்த?"

"காலையிலதான்" என்றேன்.

ரெண்டே நாளில் மிளகாயை அப்படியே போட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் லோடு லாரி ஓட்டப் போனாய். அடுத்த வெள்ளி விடிந்ததும் அளந்தேன். அதே இருபத்து நாலு. அப்படியென்றால் போன வாரம் காலையில் இருபத்தாறு இருந்திருக்கும். வாரத்துக்கு ரெண்டு அடி, வெறும் நேர்கோடு. அதில் வர்க்கமே கிடையாது. பதினைந்து வாரத் தண்ணீர் கிடந்திருக்கிறது, நீ காய் பறித்தே முடித்திருப்பாய். போனை எடுத்தேன். உன் முறையைத் திருடினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாளைக் கடத்தினேன். செவ்வாய்க்கிழமை உன் லாரி கவிழ்ந்தது.

பாவி நான், யாரிடம் போய் இதை அழுவேன்? ஒரே ஒரு எண். அதை மாற்றிச் சொல்லியிருந்தால் நீ இந்நேரம் வரப்பில் நின்று என்னை ஏசிக்கொண்டிருப்பாய்.

இன்று நோட்டில் இருபத்து நாலை அடித்து, பக்கத்தில் இருபத்தாறு என்று எழுதினேன். கீழே என் பெயரையும் எழுதினேன். கணக்கில் தப்பில்லை தாயி, தப்பு என்னுடையது என்று சொல்ல உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வாசலில் வத்தல் ஆய்ந்துகொண்டிருந்தது. "வாங்கண்ணே, இன்னைக்குத் தண்ணி அளந்தாச்சா?" என்று கேட்டது.

"காலையிலயே அளந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நோட்டு இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.