உறையில் இல்லாத பெயர்

ஜனவரி 12, திங்கள்
காலையிலிருந்து தூறல். கூரைத் தகரத்தில் விழும் சத்தம் பதிவில் ஏறுவதால் அலுமாரிக்குள் தலையை நுழைத்துப் பேசினேன். பாட்காஸ்டின் முதல் பகுதி ஒருவழியாக முடிந்தது. வாப்பா மாத்தளை டவுனில் தனியாளாக நடத்திய 'பிறைநிலா ரெக்கார்ட்ஸ்' கதை. பதினொரு இசைத்தட்டுகள். பாடியவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள். கூடப் பிறந்த நானாவின் குரலும் அதில் பாதிக்கு இருக்கிறது; கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "வாப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவாரு."
நாளை வாங்க: உம்மாவுக்குக் கண் மருந்து, மைக் வயர்.

13, செவ்வாய்
பேஸ்புக்கில் போட்ட முன்னோட்டத்தைக் கேட்டு ஒரு அழைப்பு. இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து ராசாத்தி என்ற அம்மா. "அந்த மொதலாளி மகளாம்மா நீங்க? அந்தப் பாட்டு நான் பாடுனதும்மா."
முன்னோட்டத்தில் நான் வைத்திருந்தது ஏழாவது தட்டு. உறையில் 'பாடியவர்: குமாரி மாலினி'. வயதானவர், ஏதோ குழப்பம் என்று நினைத்தேன்.

15, வியாழன்
தைப்பொங்கல் லீவு. பஸ்ஸில் இரத்தோட்டை, அங்கிருந்து த்ரீவீலில் தோட்டத் தொழிலாளர் லயம் வரை. ராசாத்தியம்மா பொங்கல் தந்தார். பின்பு:
"ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கியிருக்கும், கேட்டுப் பாருங்க. அப்ப நான் ஏழு மாசம். வயித்துல இவன்தான்."
மகன் சிரித்தார். "அம்மா எப்பவும் இப்படித்தாங்க சொல்லும்."
போனில் போட்டேன். இரண்டாவது சரணம். மூச்சு. எத்தனை தடவை கேட்ட பாட்டு, நான் கவனித்ததே இல்லை.
மகன் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

16, வெள்ளி
நானாவிடம் கேட்டேன். "தெரியும். தோட்டத்து ஆள்ட பேரப் போட்டா டவுன்ல ஒருத்தரும் வாங்க மாட்டாங்கண்டு வாப்பாதான் மாத்தினாரு. மாலினிண்டு ஒரு ஆளே இல்ல."
"இத நான் சொல்லத்தான் போறேன் நானா."
"மௌத்தாகி மண்ணுக்குப் போன மனிசன்ட பேர நாசமாக்கவா இத தொடங்கின? அப்ப என்ட குரல எடுத்துரு."
எடுத்துவிட்டேன். பாதி காலி. இன்று வெளியிடவிருந்ததை நிறுத்தினேன்.

20, செவ்வாய்
மறுபடி பதிவு. வாப்பாவைப் பற்றிய நல்லது எதையும் வெட்டவில்லை. அவர் செய்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் குரல் உடைந்தது. ஆறு தடவை. ஆறாவதும் சரியில்லை, அதையே வைத்தேன்.

24, சனி
நேற்று வெளியானது. இன்று ராசாத்தியம்மா வீடு. மகன் டிவியை நிறுத்தினார். பக்கத்து லயத்திலிருந்தும் நாலைந்து பேர் கேட்க வந்தார்கள். தன் பெயர் வந்ததும் அந்த அம்மா, "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். மகன் தாயின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.
நான் புறப்படும்போது ராசாத்தியம்மா வாசல்வரை வந்தார்.
"அதுக்கப்புறம் எத்தனையோ தடவ ஒங்க வாப்பாவ டவுன்ல கண்டேன். நல்லாத்தான் பேசுவாரு. ஒரு தடவகூட இதப் பத்தி ஏம்மா ஒண்ணும் சொல்லல?"
த்ரீவீல் வந்துவிட்டது.