வெட்டிக் கொடுத்த கையெழுத்து

1839 பிப்ரவரி 26, செவ்வாய்

இன்று மூன்றாவது பெட்டி. தாத்தா கர்னல் லாம்பர்ட்டன் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிந்ததில்லை போலிருக்கிறது. கப்பல் சரக்குப் பட்டியல், மாமனாரோடு போட்ட சண்டை, பல்வலிக்கு மருந்து, எல்லாம் ஒரே கட்டுக்குள். இவற்றை ஒழுங்குபடுத்தி ஃபிலடெல்ஃபியா சரித்திர சங்கத்துக்கு அனுப்ப வேண்டுமென்பது அண்ணன் ஆம்ப்ரோஸின் ஆசை. உட்கார்ந்து தும்முவது நான்.

போஸ்டனிலிருந்து இன்னொருவர் தாத்தாவின் கையெழுத்து கேட்டு எழுதியிருக்கிறார். இப்போது யாரைப் பார்த்தாலும் பெரிய மனிதர்களின் கையெழுத்தை ஆல்பத்தில் ஒட்டும் பைத்தியம். பழைய காகிதங்களிலிருந்து இதுவரை பன்னிரண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது எனக்கும் கொஞ்சம் தலை நிமிரத்தான் செய்கிறது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணமாகாதவளை வேறு எதற்குத் தேடி வருகிறார்கள்?

பிப்ரவரி 27

தாமார் வந்தாள். மில் தெருவில் துணி வெளுப்பவள். அவளுடைய அம்மா எங்கள் வீட்டில் அடிமையாக இருந்தவள் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன், பெயர் நான்ஸி. தாத்தா 1803-ல் அவளை விடுதலை செய்தார். தாமார் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே அவளும் அவளுடைய இரண்டு பெண்களும் பிறவியிலேயே சுதந்திரர்கள்.

இப்போது மேரிலாந்திலிருக்கும் எங்கள் பெரியப்பா மகன் ஜோசையா, நான்ஸிக்கு விடுதலையே கிடைக்கவில்லை, அவள் வம்சம் முழுக்கத் தன் அப்பா வழிச் சொத்து என்று கிளம்பியிருக்கிறான். நான்ஸியிடம் இருந்த விடுதலைப் பத்திரம் வீடு எரிந்தபோது போய்விட்டது. அதைப் பதிவும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் தாத்தா சொன்னால் அதுதான் பதிவு.

"கர்னல் பத்திரம் ரெண்டு எழுதினாராம், மிஸ் ஹெட்டி. ஒண்ணு உங்க வீட்டுலயே வச்சுக்கிட்டாராம். அம்மா சாகுறவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

அதே நாள், மாலை

கிடைத்தது. இரண்டாவது பெட்டியில்.

பத்திரத்தின் அடியில் சதுரமாக ஒரு ஓட்டை. கையெழுத்து, தேதி, சாட்சியின் பெயர், எதுவும் இல்லை. நான்தான். போன அக்டோபரில் திருமதி பெல்லின் ஆல்பத்துக்காக வெட்டினேன். பெரிதாக, மை பரவாமல் இருந்ததே என்று இதைப் பொறுக்கியெடுத்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி படித்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 28

தாமாரிடம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். "இன்னொரு தடவ பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 2

ஆம்ப்ரோஸிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் மோசம்.

"கையெழுத்து இல்லாத காகிதம் வெறும் காகிதம், ஹெட்டி. நீ கோர்ட்டுல போய் நின்னு, தாத்தா பத்திரத்த கத்தரிக்கோலால வெட்டினேன்னு சொல்லப்போறியா? ஊரு சிரிக்கும். ஜோசையா வேற நம்ம ரத்தம். சும்மா இரு."

சும்மா இருந்தேன். அவன் சொன்னதால் என்று எழுத ஆசை. இல்லை. ஊர் சிரிக்குமே என்றுதான்.

மார்ச் 5

இன்றும் வந்தாள். இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன்.

மார்ச் 8

ஜூடித்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாமாரின் மூத்த பெண், பதினேழு வயது. எல்லைக்கு அந்தப் பக்கம், அடிமைமுறை இருக்கிற மேரிலாந்தில், ஒரு விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஜோசையாவின் ஆட்கள் அவளை ஒரு வியாபாரியிடம் விற்று, தெற்கே போகிற கப்பலில் ஏற்றியாகிவிட்டதாம்.

ஒன்பது நாள். பத்திரம் என் மேஜையில் ஒன்பது நாள் கிடந்தது. ஐயோ, நான் என்ன செஞ்சிட்டேன். என்ன செஞ்சிட்டு உக்காந்திருக்கேன்.

மார்ச் 9

திருமதி பெல் வீட்டில் நாலைந்து பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பம் வேண்டுமென்றேன்.

"குடுத்தத திருப்பிக் கேக்குறது என்ன பழக்கம், ஹெட்டி? லாம்பர்ட்டன் வீட்டுல இப்படியா வளத்தாங்க?"

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். எதை வெட்டினேன், எத்தனை நாள் பொய் சொன்னேன், அதற்குள் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. திருமதி பெல் எழுந்து போய் ஆல்பத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

மார்ச் 14

நீதிபதி ஓட்டையின் மேல் துண்டை வைத்துப் பார்த்தார். விளிம்பு விளிம்போடு பொருந்தியது. தாமாரும் சின்னப் பெண்ணும் சுதந்திரர்கள் என்று தீர்ப்பு.

பிறகு என்னைக் கேட்டார்: "பத்திரம் என்னிக்குக் கிடைச்சுது?"

பிப்ரவரி 27 என்றேன். தாமார் திரும்பி என்னைப் பார்த்தாள். அதுவரை அவளுக்குத் தெரியாது. ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மார்ச் 19

தாமார் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"தெக்க இருக்கிற துறைமுகத்துக்கெல்லாம் லெட்டர் எழுதணும். பாதிரியாருக்கு, நீதிபதிக்கு, பத்திரிகைக்காரங்களுக்கு. என் பேருக்கு அங்க ஒருத்தனும் பிரிச்சுப் பாக்க மாட்டான். உங்க பேருக்குப் பாப்பான்."

எழுதினேன், அவள் சொல்லச் சொல்ல. ஜூடித்தின் இடது காதில் பழைய கிழிசல். உயரம். பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடுவாள். அதை எழுதும்போது நான் தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 30

சார்ல்ஸ்டனிலிருந்து இல்லை என்று பதில். சவான்னாவிலிருந்தும்.

மே 21, செவ்வாய்

அறுபத்து மூன்றாவது கடிதம். செவ்வாய்தோறும் வருகிறாள். நாற்காலி போட்டாலும் உட்காருவதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கி, அடியில் என் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, தானே மடித்துத் தபாலுக்கு எடுத்துப் போகிறாள். என்னிடம் விட்டுவிட்டுப் போவதில்லை.